மாருதிக்குள்ள ஒரு பல்சர்

மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காருக்குள் பூட்ட முடியுமா என்று கேட்டால், முடியும். நாங்கள் பூட்டினோம். ஓடியது. ஏற்றத்திலும் ஏறியது. அப்புறம் ஏன் கழற்றினோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் திம்புள்ளப் பக்கம். லிந்துலையிலிருந்து உள்ளே போகிற ஒரு தோட்டம். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு மூன்று கிலோமீற்றர் ஏற்றம். கொழுந்து லொறிக்காக எப்போதோ போட்ட ரோடு அது. கல் பேர்ந்து கிடக்கும், மழை பெய்தால் ரோடே கான் மாதிரி ஓடும். அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறது. மார்கழிப் பனியில் ராத்திரி ஒரு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால், இஸ்தோப்பில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே ஆட்டோவுக்கு போன் அடிப்போம். சில நாள் வரும். சில நாள் "ரோடு சரியில்ல தங்கச்சி, விடியட்டும்" என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை ஏறி இறங்கினால் ஆட்டோவின் புஷ் எல்லாம் போய்விடும்.

எங்களிடம் ஒரு கார் இருந்தது. இருந்தது என்றால், தண்ணிப் பீலிக்குப் பக்கத்தில் நின்றது. மாமா ஹயர் ஓட்ட வாங்கிய பழைய மாருதி 800. ஒருநாள் ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணி இல்லாமல் ஓடி, சூடேறி, எஞ்சின் இறுகிப் போனது. திறந்து பார்த்தால் புளொக்கே வெடித்திருந்தது. அது 2020ஆம் ஆண்டு. அந்த மார்ச்சில்தான் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பழைய வாகனம், பழைய எஞ்சின் எல்லாத்துக்கும் விலை ஏறிக்கொண்டே போனது. மாமா மனம் விட்டுப்போய் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். கார் பீலிக்குப் பக்கத்திலேயே நின்றது. கோழி அதற்குள் முட்டை போட்டது.

என் அண்ணன் தலவாக்கலையில் ஒரு கராஜில் வேலை செய்கிறவன். ஓ.எல். எழுதிவிட்டு பதினாறு வயதில் போனவன். நான் ஏ.எல். கணிதப் பிரிவு. வீட்டில் "படிச்ச புள்ள" நான், "ஸ்பேனர் புடிக்கிறவன்" அவன். இந்தப் பிரிவை நாங்கள் இருவரும் விளையாட்டுக்கு வைத்துச் சண்டை போடுவோம். விளையாட்டு மட்டும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

2022 ஜூலையில் பெற்றோலுக்கு கியூ.ஆர். கோட்டா வந்தது ஞாபகம் இருக்கும். ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. அன்றைக்கு ராத்திரி சோறு பிசைந்துகொண்டே அண்ணன் சொன்னான்:

"காருக்கு இருபது லீற்றர் புள்ள. சைக்கிளுக்கு நாலு. காருக்குள்ள சைக்கிள் எஞ்சினப் போட்டா?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கட்டாருக்குப் போன ஒரு பொடியனின் பல்சர் 150 கராஜில் கிடந்தது. அடிபட்டு பிரேம் வளைந்த சைக்கிள், எஞ்சின் மட்டும் நல்லது. மாதம் மாதம் கட்டுவதாகப் பேசி அண்ணன் அதை வாங்கினான். நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். பௌதிகவியலில் படித்தது முதல் தடவையாக வீட்டுக்கு உதவப்போகிறது என்ற பெருமை எனக்கு.

மாருதி சுமார் 650 கிலோ. நாலு பேர் ஏறினால் 900. எங்கள் ரோட்டின் ஏற்றத்தை எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்: எட்டு அடி போனால் ஒரு அடி ஏறும். மணிக்கு 20 கிலோமீற்றரில் அதை ஏற்ற எவ்வளவு வலு வேண்டும்? சக்கர உராய்வையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 9 குதிரைவலு. பல்சர் 150 கொடுப்பது 14 அளவில். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல், காற்று மெலிசு, அதில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அப்படியும் 12க்கு மேல் மிச்சம். மாருதியின் சொந்த எஞ்சின் 37 குதிரைவலு என்றாலும், அவ்வளவும் தேவைப்படுவது வேகமாக ஓடத்தான். எங்களுக்கு வேகம் எதற்கு? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

"போதும் அண்ணே, ஏறும்" என்றேன். கொப்பியில் இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன்.

இது எங்கள் மூளையில் முதலில் உதித்த யோசனை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். 1946இல், யுத்தம் முடிந்து சாமான் தட்டுப்பாடான இங்கிலாந்தில், சர்பிட்டன் என்ற ஊரில் கராஜ் வைத்திருந்த சார்ள்ஸ் கூப்பரும் மகன் ஜோனும் இதைச் செய்திருக்கிறார்கள். பியட் டொப்பொலினோ என்ற குட்டிக் காரின் முன்பக்கங்கள் இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டி, அதில் 500 சிசி ஜே.ஏ.பி. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பூட்டினார்கள். சைக்கிள் எஞ்சின் என்றால் செயின் வேண்டும், செயின் பின் சக்கரத்துக்குப் போக வேண்டும், அதனால் எஞ்சினை டிரைவருக்குப் பின்னால் வைத்தார்கள். வசதிக்காகச் செய்த அந்த வேலைதான் பிறகு பந்தயக் காரின் அமைப்பையே மாற்றியது. 1959லும் 1960லும் ஜாக் பிரபாம் எஞ்சின் பின்னால் வைத்த கூப்பர் காரில்தான் உலக சாம்பியன் ஆனார்.

ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. 1955இல் இசெட்டா என்ற முட்டை மாதிரிக் காரை விட்டது. அதற்குள் இருந்ததும் அவர்களுடைய சொந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சின்: ஒற்றைச் சிலிண்டர், 247 சிசி, 12 குதிரைவலு. நம் பல்சரை விடக் குறைவு! ஆனால் அந்தக் காரின் எடை சுமார் 350 கிலோதான். அந்த வித்தியாசத்தை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம்.

சைக்கிள் எஞ்சினைக் காருக்குப் போடும்போது முதலில் முட்டுவது வலு இல்லை. சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. டிபரன்ஷியலும் கிடையாது, ஒரே ஒரு பின் சக்கரத்துக்கு அது எதற்கு? கார் வளைவில் திரும்பும்போது உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். எங்கள் ரோட்டில் வளைவைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இதற்கு அண்ணன் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மாருதியில் எஞ்சின்தான் செத்தது, கியர் பொக்ஸ் நல்லது. டிபரன்ஷியல், ரிவர்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. சைக்கிள் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றத் தேவையில்லை, மாருதியின் கியர் பொக்ஸைச் சுற்றினால் போதும். பழைய கிளச் பிளேட்டின் நடுவில் பல்லு வெட்டிய துண்டு இருக்கும், அது கியர் பொக்ஸின் தண்டில் கச்சிதமாக உட்காரும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதன்மேல் ஒரு ஸ்ப்ரொக்கட்டை வைத்து வெல்ட் பண்ணினான். தண்டின் நுனியைப் பிடிக்க இரும்புத் தகட்டில் ஒரு பெயாரிங். பல்சரின் செயின் அந்த ஸ்ப்ரொக்கட்டுக்கு. பல்சரின் சொந்தக் கியரை மூன்றில் வைத்து அப்படியே விட்டுவிட்டு, மாருதியின் கியர்த் தடியால் ஓட்டுவது. இரண்டு கியர் பொக்ஸ் ஒன்றுக்குப் பின் ஒன்று என்பதால் இழுவைக்குப் பஞ்சம் இல்லை.

போயா நாள்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கராஜ் பாஸ் வெல்டிங் பிளான்ட்டைத் தந்தார். கிளச் கேபிளை மிதிக்கு இழுத்தோம். பல்சர் எஞ்சின் காற்றில் குளிர்கிறது; சைக்கிள் ஓடும்போது காற்று அதன்மேல் அடிக்கும். பொனட்டுக்குள் அடைத்தால் எங்கிருந்து காற்று வரும்? மாருதியின் ரேடியேட்டர் பேனையே எஞ்சின் பக்கம் திருப்பினான். அதைச் சுற்ற கரண்ட் வேண்டும், சைக்கிளின் சின்ன மெக்னட்டோ அதற்கும் இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து போதாது. பகலில் ஓட்டுவோம் என்று அதை ஒத்திப்போட்டோம். அம்மாவுக்கு இழுப்பு வருவது ராத்திரியில் என்பது அந்த உற்சாகத்தில் இருவருக்கும் மறந்தே போனது.

முதல் நாள் ஸ்டார்ட் பண்ணினோம். லயமே வந்து நின்றது. அண்ணன் ஒன்றாம் கியரைப் போட்டு கிளச்சை விட்டான். கார் பின்னால் போனது! பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பொடியன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ரிவர்ஸைப் போட்டால் முன்னால் போகிறது. நாலு ரிவர்ஸ், ஒரே ஒரு முன் கியர் உள்ள கார். செயின் வைக்க லேசாக இருக்கட்டும் என்று, சைக்கிளில் முன்னால் பார்த்து இருந்த எஞ்சினை நாங்கள் பின்னால் பார்த்து வைத்திருந்தோம். செயின் சுற்றும் திசையும் மாறிவிட்டது. கட்டிய ஸ்டேண்டை வெட்டி, எஞ்சினைத் திருப்பி, மறுபடி வெல்ட் பண்ண மூன்று ஞாயிறு போனது.

ஒக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, அண்ணன் ஓட்ட, மேட்டு லயம் வரைக்கும் ஏறினோம். நான் பக்கத்தில் ஓடினேன். என் கையில் கட்டை. மலைநாட்டில் லொறிக் கிளீனரைப் பார்த்திருப்பீர்களே, ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். அந்த வேலை எனக்கு. தேவைப்படவே இல்லை. மாருதி மெதுவாக, நான் ஓடுகிற வேகத்தில், சைக்கிள் சத்தத்தோடு ஏறியது. பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் கூவினார்கள். அண்ணன் ஜன்னலால் தலையை நீட்டி, "படிச்ச புள்ள, கணக்கு சரி!" என்று கத்தினான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

இறங்கும்போது நானும் ஏறி உட்கார்ந்தேன். கட்டை மடியில்.

முதல் வளைவு வரைக்கும் சரி. ஒன்றாம் கியரில்தான் வந்தோம். இரண்டாவது வளைவுக்கு மேலே ரோடு செங்குத்து. எஞ்சின் சத்தம் ஏற ஏற, கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கியரில் இருந்தும் கார் எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓடியது. எஞ்சின் காரைப் பிடிக்கவில்லை. எஞ்சின் வெடித்துவிடும் என்ற பயத்தில் அண்ணன் கிளச்சை மிதித்தான். அவ்வளவுதான், கார் கையை விட்டது. பிரேக்கை மிதித்தான், மிதித்தான். தேய்ந்த பழைய பிரேக். முதலில் பிடித்தது, பிறகு நெடி வந்தது, பிறகு மிதி அடியோடு போனது. ஹேண்ட் பிரேக்கை இருவரும் சேர்ந்து இழுத்தோம். வலது பக்கம் பள்ளம், கீழே தேயிலை, அதற்குக் கீழே எங்கள் லயத்துத் தகரம். அண்ணன் இடது பக்கம் மண் திட்டில் காரைக் கொண்டுபோய்ச் சாத்தினான்.

கட்டை என் மடியிலேயே இருந்தது. ஓடுகிற காரிலிருந்து யார் குதித்துக் கட்டை போடுவது?

எனக்கு நெற்றியில் மூன்று தையல். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. அம்மா ஓடி வந்தார், வந்த ஓட்டத்தில் அவருக்கு மூச்சு இழுத்தது. எங்களைத் திட்டக்கூட அவரிடம் காற்று இல்லை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் செய்த கார், அவருக்கே இழுப்பைக் கொண்டுவந்தது. இருவரையும் ஒரே ஆட்டோவில் கொண்டுபோனார்கள். வாரத்துக்கு 5 லீற்றரில் ஓடுகிற ஆட்டோ.

தையல் போட்ட ராத்திரி கொப்பியை மறுபடி எடுத்தேன். கணக்கில் பிழை இல்லை. பாதிக் கணக்குத்தான் போட்டிருந்தேன். காரை ஏற்ற எவ்வளவு வலு வேண்டுமோ, இறங்கும்போது மலை ஏறக்குறைய அதே வலுவோடு காரைத் தள்ளும். கியரில் விட்டு இறங்கும்போது அந்தத் தள்ளலை விழுங்க வேண்டியது எஞ்சின். பெற்றோல் கொடுத்தால் சின்ன எஞ்சினும் நிறைய வலு தரும். ஆனால் பெற்றோல் இல்லாமல் சும்மா சுற்றும்போது எஞ்சின் எவ்வளவு பிடிக்கும் என்பது பெரும்பாலும் அதன் சிசியைப் பொறுத்தது. 796 சிசி பிடித்த காரை 149 சிசியிடம் கொடுத்தோம். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில். திம்புள்ளயில் எஞ்சின் என்பது பாதி பிரேக். லொறி டிரைவர்கள் "ஏறுன கியர்லயே எறங்கு" என்று சொல்வதை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். கேட்டதைக் கணக்கில் போடவில்லை.

சின்ன வயதில் ஏப்ரல் சீசனுக்கு அப்பா எங்களை நுவரெலியாவுக்கு மஹகஸ்தோட்ட ஹில் கிளைம்ப் பார்க்கக் கூட்டிப்போவார். 1934இலிருந்து நடக்கிற பந்தயம். ரதல்லயிலும் ஒன்று நடக்கும். அண்ணனுக்கு கார்ப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். அதில் ஏறுகிற நேரத்தை மட்டும்தான் எடுப்பார்கள். இறங்குவதற்கு யாரும் கப் கொடுப்பதில்லை. நாங்களும் அதே மாதிரி ஒரு பந்தயம்தான் ஓட்டியிருக்கிறோம்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று நம் பக்கத்து ஆள்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செய்தியைக் கேட்டுவிட்டு அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் கராஜுக்குப் போகாமல், மாருதியின் பொனட்டைத் திறந்து பல்சர் எஞ்சினைத் தனியாகக் கழற்றினான். அதுவரைக்கும் "பிரேக்க மட்டும் மாத்துனா சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். உண்மையில் சட்டப்படியும் அது சரிவராது. வாகனப் புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் இலக்கம் வேறு, காரில் இருப்பது வேறு. ஆர்.எம்.வி.யில் மாற்றாமல் மெயின் ரோட்டுக்கு இறக்கி ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் எட்டியும் பார்க்க மாட்டார்கள்.

கழற்றிய பிறகு ஒருநாள், அம்மாவை ஏற்றிப்போன அந்த ஆட்டோ சேர்விஸுக்கு கராஜுக்கு வந்திருக்கிறது. ராத்திரி வந்து அண்ணன் சொன்னான், "புள்ள, நாம செஞ்சத இவனுங்க எப்பவோ செஞ்சிட்டானுங்க."

அது உண்மைதான். 1948இல் இத்தாலியில் பியாஜியோ கம்பனி தன் வெஸ்பா ஸ்கூட்டரை வைத்து ஆப்பே என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தது. பஜாஜ் அவர்களிடம் லைசன்ஸ் வாங்கித்தான் ஸ்கூட்டரும் ஆட்டோவும் செய்ய ஆரம்பித்தது. நம் ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு ஆட்டோவும் இரு சக்கர எஞ்சினின் பரம்பரைதான். ஆனால் பாருங்கள்: எஞ்சினைக் குளிரவைக்க அதற்கென்று பேன், ரிவர்ஸ் கியர், டிபரன்ஷியல், எல்லாத்துக்கும் மேல் மாருதியில் பாதி அளவு எடை. இசெட்டாவும் அப்படித்தான், பஜாஜ் பிறகு விட்ட 216 சிசி கியூட்டும் அப்படித்தான், அரை டன்னுக்கும் குறைவு. அவர்கள் காருக்குள் எஞ்சினைத் திணிக்கவில்லை. எஞ்சினைச் சுற்றிக் காரைக் கட்டினார்கள்.

இதை எழுதுவது "பாத்தீங்களா, தோட்டத்துப் பொடியன்களுக்கு இது எதுக்கு" என்று யாரும் சொல்வதற்கு இல்லை. அந்த ஸ்ப்ரொக்கட் வேலை கடைசி வரை ஒரு பல்லுக்கூட நழுவவில்லை. கூப்பர்கள் கராஜில் செய்து ஓட்டிப் பார்க்க அவர்களுக்குப் பந்தயத் தடம் இருந்தது, கேட்க ஆள்கள் இருந்தார்கள். அண்ணனுக்குக் கேட்க இருந்தது நான் மட்டும். எனக்கு பிரேக்கைப் பற்றித் தெரியாது, அவனுக்குக் கணக்கைப் பற்றித் தெரியாது, "நீ பாத்துக்குவ" என்று இருவரும் ஒருவரை ஒருவர் நம்பினோம். என் பாடப் புத்தகத்தில் சாய்தளத்தில் பெட்டி மேலே போகிற கணக்கும் இருந்தது, கீழே வருகிற கணக்கும் இருந்தது. அவனை உட்காரவைத்து இரண்டையும் சொல்லியிருந்தால், "கீழ வர்றது எப்படி?" என்று அவன்தான் முதலில் கேட்டிருப்பான்.

கராஜில் பழகியவர்களின் அனுபவத்தைப் பரீட்சித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கிற முறை இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களில் யாருடைய அண்ணனோ தம்பியோ கராஜில் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். அண்ணன் இப்போது அதற்கு விண்ணப்பித்திருக்கிறான். ராத்திரியில் நான் தமிழில் நோட்ஸ் எழுதிக் கொடுக்கிறேன், அவன் வாசித்துவிட்டுப் பிழை பிடிக்கிறான். "இப்பிடி யாரும் கழட்ட மாட்டாங்க புள்ள, போல்ட் ஒடஞ்சிரும்."

மாருதி இன்னும் பீலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 796 எஞ்சின் ஒன்றுக்குச் சீட்டுப் போட்டிருக்கிறோம். அதுவரைக்கும் அம்மாவுக்கு ஆட்டோதான். கட்டையை நான் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன், ராத்திரிக் காற்றுக்கு.